படிவத்தில் டேனியல் பிளேக்குக்குக் கட்டம் இல்லை

படம் கருந்திரையில் தொடங்குகிறது. பெயர்கள் ஓடுகின்றன, குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஒரு பெண் கேட்கிறார்: யார் துணையும் இல்லாமல் ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா? தொப்பி வைப்பதுபோலக் கையைத் தலைவரை தூக்க முடியுமா? டெலிபோன் பட்டனை அழுத்த முடியுமா? பதில் சொல்லும் ஆண் குரலில் முதலில் பொறுமை, அப்புறம் கிண்டல், கடைசியில் எரிச்சல். கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பழுது இதயத்தில், அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்களேன் என்கிறார். அந்தப் பெண் கேட்பதாயில்லை. அவர் கையில் இருக்கும் படிவத்தில் அடுத்த கேள்வி எதுவோ அதைத்தான் கேட்பார்.

கென் லோச் இயக்கத்தில் 2016ல் வந்த 'ஐ, டேனியல் பிளேக்' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எழுதியவர் பால் லாவர்ட்டி. அந்த வருஷம் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். லோச்சுக்கு அப்போது 79 வயது. வேலைக்குப் போக முடியாமல் போன ஒருவர், அரசாங்கத்திடம் தனக்குச் சேர வேண்டிய உதவித்தொகையைக் கேட்டுப் படும் பாடுதான் கதை. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஏழைகளின் வலி' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, நானும் துடைத்துக்கொண்டவன்தான். ஆனால் மூன்றாவது தடவை பார்த்தபோது, இது முதலில் ஒரு படிவத்தைப் பற்றிய படம் என்று தோன்றியது. படிவத்தைப் பற்றிப் பேசுகிற இடங்களில் படம் அசாத்தியமாகச் சரியாக இருக்கிறது. மனிதர்களின் நற்குணத்தைப் பற்றிப் பேசப் போகும்போது இடறுகிறது.

டேனியல் (டேவ் ஜான்ஸ், அடிப்படையில் மேடை நகைச்சுவைக் கலைஞர்) நியூகாசில் நகரத்தில் 59 வயதுத் தச்சர். வேலை செய்யும் இடத்தில் மாரடைப்பு வந்து சாரத்திலிருந்து விழத் தெரிந்தவர். இன்னும் வேலைக்குப் போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு 2008ல் கொண்டுவந்த உதவித்தொகை ஒன்று உண்டு, சுருக்கமாக ஈஎஸ்ஏ. ஆனால் டாக்டர் சீட்டு மட்டும் அதற்குப் போதாது. அரசு தனியாக ஒரு மதிப்பீடு நடத்தும், அதில் புள்ளிகள் போடுவார்கள். மதிப்பீட்டை நடத்தும் ஒப்பந்தம் முதலில் அட்டோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்தது, 2015 மார்ச்சிலிருந்து மேக்ஸிமஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போனது. தேர்ச்சிக்கு 15 புள்ளி வேண்டும். டேனியலுக்கு 12. ஆகவே அவர் வேலைக்குத் தகுதியானவர். முடிந்தது.

சரி, அப்படியானால் வேலை இல்லாதவருக்கான தொகையையாவது கேட்கலாம் அல்லவா? அது ஜேஎஸ்ஏ, இன்னொரு கதவு. அதற்குள் நுழைய 'நான் வேலைக்குத் தயார், தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு 35 மணி நேரம் தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு விண்ணப்பம் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்று வட்டங்களும் அம்புகளும் போட்டு ஒரு படம் வரைவோம். டேனியலின் கதையை அப்படி வரைந்து பார்த்தேன். 'உடம்பு முடியவில்லை' என்று ஒரு வட்டம், 'வேலை தேடுகிறார்' என்று ஒரு வட்டம். 'டாக்டர் முடியாது என்கிறார், துறை முடியும் என்கிறது, வழக்கு நடக்கிறது' என்பவருக்கு வட்டமே இல்லை. ஏதோ ஒன்றில் உட்கார்ந்தாக வேண்டும். எதில் உட்கார்ந்தாலும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தப் பொய் யார் தலையில் விழுகிறது என்பதைக் காட்டும் காட்சிதான் என் கணக்கில் படத்தின் உச்சம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. டேனியல் விதிப்படி பென்சிலால் தன் விவரக்குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார். ஒரு தோட்டப் பொருள் வியாபாரிக்கு அவரைப் பிடித்துப்போய், வேலை தருகிறேன் என்று கூப்பிடுகிறார். டேனியல் மறுக்க வேண்டியிருக்கிறது. உடம்பு முடியாது, உதவித்தொகைக்காகத்தான் தேடினேன் என்கிறார். அந்த மனிதர் வெடிக்கிறார். அவர் பார்வையில் இவர் ஓசிச் சோறு தின்கிறவர், தன் நேரத்தையும் வீணடித்தவர். அவர் கோபம் நியாயமானதுதான்! வில்லன் இல்லாத காட்சி இது. படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனதால், தங்கள் தரப்பில் நியாயமாக நடந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அவமானப்படுத்துகிறார்கள். லோச் இதைக் குரல் உயர்த்தாமல் கடந்து போகிறார்.

அடுத்தது காத்திருப்பு. டேனியல் உடனே மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. முதலில் முடிவெடுத்த துறையிடமே 'மறுபடி பாருங்கள்' என்று கேட்க வேண்டும். 2013 அக்டோபரில் இது கட்டாயமாக்கப்பட்டது. கேட்பதற்கு எழுத்து மூலமான முடிவு வேண்டும், அதற்கும் முன்னால் முடிவெடுப்பவரிடமிருந்து ஒரு போன் வர வேண்டும். கடிதம் முதலில் வந்துவிட்டது, போன் வரவில்லை. என்ன செய்ய? காத்திருக்க வேண்டும்.

டேனியல் துறைக்குப் போன் போட்டு விவால்டியின் 'வசந்தம்' கேட்டுக்கொண்டே 1 மணி 48 நிமிடம் காத்திருக்கிறார். கால்பந்து ஆட்டத்தைவிட நீளம் என்று அவரே அலுத்துக்கொள்கிறார். படத்தின் நீளமே சுமார் 100 நிமிடம்தான். அதாவது அவர் லைனில் இருந்த நேரத்தில் நாம் இந்தப் படத்தை முழுசாகப் பார்த்து முடித்துவிடலாம்.

இந்த மறுபரிசீலனைக் கட்டத்தில் ஈஎஸ்ஏ கிடையாது. மேல்முறையீடு பதிவான பிறகு அடிப்படைத் தொகை திரும்பக் கிடைக்கும் என்று விதியில் இருந்தது. இந்த விவரம் படத்தில் என் கண்ணில் படவில்லை, லாவர்ட்டி இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். ஏனென்றால் இடி இருப்பது இங்கேதான். சட்டம் உங்களுக்குச் சோறு போடத் தயார், ஆனால் வரிசையில் நிற்கும் நாட்களில் போடாது. வரிசை எவ்வளவு நீளம் என்பது துறையின் கையில். படம் வந்த அடுத்த வருஷம், 2017ல், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒரு விஷயம் வெளியே வந்தது. மறுபரிசீலனைகளில் 80 சதவீதத்தில் பழைய முடிவையே உறுதிசெய்வது என்று துறைக்குள் ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது. விஷயம் சந்தி சிரித்த பிறகு அதைக் கைவிட்டார்கள். இன்னொரு பக்கம், அந்த வருஷங்களில் தீர்ப்பாயம் வரை போன ஈஎஸ்ஏ வழக்குகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பதாரர் பக்கம்தான் தீர்ந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஜூலையில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், ஈஎஸ்ஏ விண்ணப்பதாரர்களை இப்படி மறுபரிசீலனை வரிசையில் கட்டாயமாக நிறுத்தி, மேல்முறையீட்டையும் அந்தத் தொகையையும் தள்ளிப்போடுவது நீதிமன்றத்தை அணுகும் உரிமையில் அளவுமீறிய குறுக்கீடு என்று தீர்ப்பளித்தது. படம் வந்து நாலு வருஷம் கழித்து.

இப்போது நூலகக் காட்சி. ஜேஎஸ்ஏவுக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான். டேனியலுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மவுஸை மேலே கொண்டுபோங்கள் என்றால் மவுஸைத் தூக்கித் திரையில் வைக்கிறார். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம். எனக்குப் பிடிக்கவில்லை. தச்சன் மூளை அப்படி வேலை செய்யாது, எந்தக் கருவியையும் அவன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பான். சிரிப்புக்காக லோச் ஒரு கைவினைஞனை மக்காக்கிவிட்டார். அதற்கப்புறம் நடப்பதுதான் நிஜம். கஷ்டப்பட்டுப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு வருகிறார், நேரம் தீர்ந்து போகிறது, எல்லாம் அழிந்து மறுபடி முதல் பக்கம்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாதிரிப் படிவங்கள் செய்து பிழைக்கிறவன். ரொம்ப நாள் முன்னால் ஒரு வெளிநாட்டு அரசுத் துறைக்காக எங்கள் டீம் செய்த விண்ணப்பத்தில் 15 நிமிஷ டைம் அவுட் வைத்தோம். காரணம் இருந்தது. பொதுக் கம்ப்யூட்டரில் ஒருவர் பாதியில் எழுந்து போனால், அடுத்து உட்காருகிறவர் அவருடைய வங்கி விவரத்தைப் பார்த்துவிடக் கூடாது. பாதுகாப்புத் தணிக்கையில் இதைக் கேட்பார்கள், சரியான கேள்விதான். 15 நிமிஷம் போதுமா என்று சோதித்தோமா? சோதித்தோம். பெயர் 'டெஸ்ட்', தெரு 'டெஸ்ட்', போன் நம்பர் ஒன்றிலிருந்து பத்து வரை. நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். கடைசியாக எந்தத் தேதியில் எந்த நிறுவனத்தில் எவ்வளவு சம்பளம் என்று பழைய காகிதத்தைத் தேடிக்கொண்டு யாரும் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து நிரப்பவில்லை. 'பாதியில் சேமித்துவிட்டு அப்புறம் தொடரலாம்' என்ற வசதியை அடுத்த ரிலீஸில் பார்ப்போம் என்று தள்ளிவைத்தோம். அடுத்த ரிலீஸ் வந்தது, அது வரவில்லை. தள்ளிவைத்த கூட்டத்தில் நானும் தலையாட்டினேன்.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் அரசின் இணையதளம் எங்கள் தொழிலில் கோயில் மாதிரி. அதைக் கட்டிய குழு 2011ல் தொடங்கியது, அந்தத் தளம் 2013ல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டு விருதை வாங்கியது. பயனரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது அவர்களுடைய முதல் கொள்கை. பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டாத டீம் குறைவு, நாங்களும் ஒட்டினோம். அந்தக் குழு திறமையானது, எண்ணமும் நல்லது. ஆனால் அழகான எழுத்துருவில், எளிமையான ஆங்கிலத்தில், பக்கத்துக்கு ஒரு கேள்வியாகக் கேட்டாலும் டேனியலுக்கு வட்டம் இல்லை என்பது மாறாது. அது சட்டத்தில் விட்டுப்போனது, ஸ்கிரீனில் சரிசெய்ய வராது. 'டிஜிட்டல்தான் முதல் வழி' என்று துறை சொல்ல, டேனியல் தனக்குப் பென்சில்தான் முதல் வழி என்கிறார். நல்ல நகைச்சுவைதான். ஆனால் பென்சிலில் எழுத விட்டிருந்தாலும் அவர் அதே இடத்தில்தான் மாட்டியிருப்பார். படம் சில இடங்களில் கம்ப்யூட்டரே எதிரி என்பதுபோல நழுவுகிறது. பக்கத்து வீட்டுப் பையன், சீனாவிலிருந்து ஷூ வரவழைத்து விற்கிறவன், பத்து நிமிஷத்தில் அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறானே.

மனிதர்களுக்கு வருகிறேன். ஜாப் சென்டரில் இரண்டு பெண்கள். ஷீலா கறார், உதட்டைக் கடித்துக்கொண்டு விதி சொல்கிறவர். ஆன் இரக்கமுள்ளவர், டேனியலைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து உதவுகிறார். மேலாளர் ஆனைக் கூப்பிட்டு, இப்படி ஒருவருக்குச் செய்தால் அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்று கண்டிக்கிறார். எனக்கு ஷீலா தேவையே இல்லை என்று பட்டது. ஆன் மட்டும் போதும். நல்லவர் ஒருவர் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் நடக்காது என்பது ஒரு கெட்டவர் உட்கார்ந்திருப்பதைவிடப் பயங்கரம். ஷீலாவைக் காட்டியதால் பார்வையாளன் தன் கோபத்தை அவர் முகத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். படம் வந்ததும், முன்னாள் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித், ஜாப் சென்டர் ஊழியர்களை இப்படிக் காட்டலாமா என்று பரிதாபப்பட்டார். அந்த வாய்ப்பை அவருக்கு லோச்தான் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய சிக்கல் டேனியல்தான். மனநலம் கெட்ட மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். குடியில்லை, கடனில்லை. மரத்தில் மீன் செதுக்குகிறார். லண்டனிலிருந்து இரண்டு குழந்தைகளோடு முன்பின் தெரியாத இந்த ஊருக்கு அனுப்பப்பட்ட கேட்டிக்கு (ஹேலி ஸ்கொயர்ஸ்) குழாய் சரிசெய்கிறார், புத்தக அலமாரி செய்து தருகிறார். இப்படி ஓர் உத்தமரைக் காட்டி இவருக்கே இந்த கதியா என்று கேட்டால், அடுத்த கேள்வி தானாக வரும்: இவரைப் போல இல்லாதவருக்கு? குடிக்கிறவர், மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்தவர், சோம்பேறி, அவருக்கெல்லாம் பசிக்காதா? உதவிக்கு 'தகுதியான ஏழை', 'தகுதியற்ற ஏழை' என்ற பாகுபாட்டோடு பிரிட்டன் நூற்றாண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறது. லோச் அதற்கு எதிரானவர். ஆனால் கதாநாயகனைத் தேர்ந்தெடுக்கும்போது அதே தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குகிறவராகப் பார்த்துப் பிடித்துவிட்டார்.

இந்தப் பாகுபாட்டை உடைத்துப் பேசியவர் யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில். ஆமாம், நம் ஊரில் வேறு காரணங்களுக்காகத் திட்டு வாங்கும் அதே சர்ச்சில். 1909ல் அவர் வர்த்தகத் துறை அமைச்சர். வேலையின்மைக் காப்பீட்டுத் திட்டம் தயாராகிறது. குடித்ததற்காக வேலையை இழந்தவனுக்கும் பணம் தருவதா என்று அதிகாரிகள் தயங்க, சந்தா கட்டியவனுக்குத் தொகை உண்டு, ஒழுக்கத்தையும் கணக்கையும் கலக்காதீர்கள் என்று குறிப்பு எழுதினார். அவர் சொன்னது முழுசாக நிறைவேறவில்லை. 1911 சட்டத்தில் நடத்தைக்கேட்டால் வேலை போனவர்களுக்கு ஆறு வாரத் தடை வந்தது. ஆறே வாரம். 2012ல் பிரிட்டன் கொண்டுவந்த புதிய தண்டனை முறையில் கடும் மீறல்கள் திரும்பத் திரும்ப நடந்தால் 156 வாரம், அதாவது மூன்று வருஷம், தொகையை நிறுத்தலாம். 2019ல்தான் அதை ஆறு மாதத்துக்குக் குறைத்தார்கள். நூறு வருஷத்தில் கணக்கு இறங்கி ஒழுக்கம் ஏறியிருக்கிறது. டேனியல் கொஞ்சம் மோசமான மனிதராக இருந்திருந்தால் இந்த வரலாறு முழுக்க படத்துக்குள் வந்திருக்கும்.

குறை செய்ய அனுமதி கேட்டிக்கு மட்டும்தான். புது ஊரில் பஸ் மாறி ஏறி, சந்திப்புக்குத் தாமதமாக வந்ததற்கு அவளுக்குத் தண்டனை. உணவு வங்கியில் பொருள் எடுக்க வந்தவள், தன்னை அறியாமல் ஒரு டின்னை உடைத்துக் கையால் அள்ளித் தின்றுவிட்டு, அடுத்த விநாடி வெட்கத்தில் நொறுங்கும் காட்சியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா தள்ளியே நிற்கிறது. அங்கே இருப்பவர்களில் பலர் நிஜமாகவே அந்த வேலை செய்கிறவர்கள். ஆனால் பிறகு அவள் உடலை விற்கும் இடத்துக்கு டேனியல் தேடிப் போய் அழுவது, படம் தடுமாறும் இடம். அவளுடைய கஷ்டம் அங்கே அவருடைய மனவேதனையாக மாறிவிடுகிறது. பசித்தவளிடம் கணக்குக் கேட்க இவர் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. அதை அவளும் ஏறக்குறைய சொல்கிறாள், நல்லவேளை.

அப்போதைய துறை அமைச்சர் டேமியன் கிரீன், படத்துக்கும் இன்றைய நடைமுறைக்கும் சம்பந்தமில்லை என்றார். கூடவே, படத்தை இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். டேனியலைப் பார்க்காமல் புள்ளி போட்டதும் இதே துறைதானே. எதிர்க்கட்சித் தலைவர் ஜெரெமி கார்பின் நாடாளுமன்றத்தில் பிரதமர் தெரேசா மேயிடம் படத்தைப் பார்க்கும்படி சொன்னார். இந்தச் சத்தத்தில் வட்டமும் அம்பும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

முடிவு தெரிந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிடுவோம் என்று உதவியாளர் நம்பிக்கை சொன்ன அதே காலையில், விசாரணைக்கு முன்னால் கழிவறையில் டேனியல் விழுந்து இறந்துபோகிறார். இதுவும் கொஞ்சம் வசதியான முடிவு. அவர் உள்ளே போய் ஜெயித்திருந்தால்தான் எனக்கு இன்னும் கனமாக இருந்திருக்கும். பாதிக்கு மேல் ஜெயித்தவர்கள் அப்படித்தான் ஜெயித்தார்கள், வீட்டுச் சாமான்களை விற்றுமுடித்த பிறகு.

ஆனாலும் இறுதிச் சடங்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலை ஒன்பது மணி, கட்டணம் குறைவான நேரம். விசாரணையில் படிக்க டேனியல் பென்சிலால் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கேட்டி படிக்கிறாள். ஆரம்பத்தில் நமக்கு முகம் தெரியாமல் அவர் குரல் கேட்டது, கட்டம் கட்டமாகப் பதில் சொல்லிக்கொண்டு. இங்கே அவர் எழுத்து வேறொருவர் குரலில் கேட்கிறது. கட்டம் இல்லாத வெறும் தாளில் அவர் தன்னைப் பற்றி எழுதியது இது.

பார்க்கிறவர்கள் படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். நன்றி அறிவிப்பில், தகவல் கொடுத்து உதவிய அந்தத் துறையின் ஊழியர்களுக்கும் நன்றி வருகிறது. அவர்கள் பெயரைச் சொல்ல முடியாது என்றும் போட்டிருக்கிறார்கள்.